ஈயமும் வண்ணமும்

மண்ணில் நடந்த மனிதன் விண்ணில் பறக்க ஆசைப்பட்டான், பறந்தும் காட்டினான். ஆனால் தான் கட்டிய விமானத்தில் தானே பறக்க வேண்டும் என்ற ஆசை சிலருக்கு இன்றளவும் தணியவில்லை. அமெரிக்க நாட்டில் பல்லாயிரம் பேர் வீட்டுக் கொட்டகையிலும் கார் நிறுத்தும் அறையிலும், மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும், விமானம் கட்டியிருக்கிறார்கள், கட்டிக்கொண்டும் இருக்கிறார்கள். வரைபடத்தை மட்டும் விலைக்கு வாங்கிக்கொண்டு மரத்தையும் துணியையும் தேடி அலைவோர் உண்டு. பெட்டி பெட்டியாக அலுமினியத் தகடுகளை வரவழைத்து ஆயிரக்கணக்கில் ரிவெட் அடிப்போரும் உண்டு. 1953-இல் விஸ்கான்சின் மாநிலத்தில் பால் பொபரெஸ்னி என்பவர் இத்தகையோருக்கென ஒரு சங்கமே தொடங்கினார். 1970 முதல் அச்சங்கத்தின் கோடைத் திருவிழா ஆஷ்காஷ் நகரில் நடந்து வருகிறது.

அந்நாட்டுச் சட்டம் இவர்களுக்கு வியக்கத்தக்க உரிமை அளித்திருக்கிறது. கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ கட்ட வேண்டும். வேலையில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே செய்திருக்க வேண்டும். 'பரிசோதனை' என்ற சொல்லை இரண்டு அங்குலத்துக்குக் குறையாத எழுத்தில் விமானத்தின் மேல் எழுதி வைக்க வேண்டும். ஆய்வாளர் ஒருவர் வந்து பார்த்துச் சான்று தருவார். பிறகு குறித்த எல்லைக்குள் சில பத்து மணி நேரம் சோதனையாகப் பறக்க வேண்டும். அதன்பின், கட்டியவரே தகுதிச் சான்று பெற்று, ஆண்டுதோறும் தம் விமானத்தைத் தாமே ஆய்ந்து தாமே கையொப்பமிடலாம். தேர்வு எழுதியவனே தன் விடைத்தாளையும் திருத்தலாம் என்றால் நமக்கெல்லாம் எவ்வளவு இனிக்கும்!

இந்த உரிமையைக் குறை கூற நான் வரவில்லை. தன் உயிரைத் தன் கைவேலையில் ஏற்றிச் செல்பவனுக்கு அக்கறை இல்லாமல் போகாது. ஆனால் கட்டுபவரின் கண்ணும் கையும் உதவாத ஓர் இடம் உண்டு. விமானத்தைத் திருப்பும் அசையும் பரப்புகளின் எடைச் சமநிலையே அது. வண்ணம் பூசி முடித்த பிறகு அந்தச் சமநிலையை மறுபடியும் அளந்து, கணக்கை விமானத்தின் பதிவேட்டில் எழுதாத வரை அவ்விமானம் தரையை விட்டு எழக் கூடாது. விமானம் கைமாறும்போது அந்தக் கணக்கும் கைமாற வேண்டும் என்பது என் கருத்து. விமானம் கட்டியவன் அல்லன் நான். இயற்பியல் மாணவன் என்ற முறையில் எழுதுகிறேன். விஷயம் முதலாண்டுப் பாடத்துக்கு அப்பால் வெகுதூரம் போகவில்லை என்பதே எனக்குத் துணை.

இறக்கையின் பின்விளிம்பில் நுனிப்பக்கமாகக் கீலில் தொங்கும் பலகை போன்ற பகுதிக்கு எய்லரான் என்று பெயர். ஒரு பக்கத்து எய்லரான் கீழிறங்கினால் அப்பக்க இறக்கை உயரும். விமானம் ஒருபுறமாய்ச் சாயும். வாலில் படுக்கையாக இருக்கும் எலிவேட்டர் மூக்கை மேலும் கீழும் ஆட்டும். நிமிர்ந்து நிற்கும் ரட்டர் இடமும் வலமும் திருப்பும். மூன்றும் கதவைப் போலக் கீலில் ஆடுபவை. கதவைப் போலவே இவற்றின் உடல் முழுவதும் கீலுக்கு ஒரே பக்கத்தில், அதாவது பின்புறத்தில், இருக்கிறது. ஆகவே ஈர்ப்பு மையமும் கீலுக்குப் பின்னால் விழுகிறது. வினை தொடங்குவது இங்கேதான்.

பறக்கும் விமானத்தின் இறக்கை விறைத்த கட்டை அன்று, வளையும், முறுகும். ஒரு காற்றடி பட்டு இறக்கையின் நுனி திடீரென மேலே எகிறுகிறது என்று கொள்வோம். கீல் இறக்கையோடு மேலே போகிறது. கனம் பின்னால் இருப்பதால் எய்லரான் உடனே பின்தொடராமல் தங்கிவிடுகிறது. பேருந்து திடுமெனப் புறப்படும்போது நின்றுகொண்டிருப்பவர் பின்னால் சாய்வதைப் போல. தங்கிவிடுவது என்றால் என்ன? இறக்கையை நோக்க அது கீழே இறங்கியிருக்கிறது என்பதுதான். எய்லரான் கீழிறங்கினால் இறக்கை இன்னும் மேலே தூக்கப்படும் என்று சற்றுமுன் பார்த்தோம். ஆக, மேலே போன இறக்கையை எய்லரானே மேலும் தூக்குகிறது. இறக்கை தன் விறைப்பினால் திரும்பிக் கீழே வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது. ஊஞ்சல் போகும் பக்கமெல்லாம் ஒருவன் ஓடி ஓடித் தள்ளினால் என்ன ஆகும்? இங்கே தள்ளுபவன் எதிரே வரும் காற்று. அவனுக்குக் களைப்பு என்பதே இல்லை. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் ஆட்டம் அடங்குவதற்குப் பதிலாக ஒவ்வொரு வீச்சிலும் பெருகுகிறது. ஆங்கிலத்தில் இதனை ஃப்ளட்டர் என்கிறார்கள். நான் படபடப்பு என்றே எழுதப் போகிறேன். அது நொடிக்குப் பல முறை ஆடும். ஓட்டுநர் 'என்ன இது?' என்று எண்ணி முடிப்பதற்குள் எய்லரானோ இறக்கையோ கழன்று போய்விடக் கூடும்.

இதனை ஒத்ததிர்வு என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். 1940 நவம்பர் 7-இல் அமெரிக்காவின் டக்கோமா பாலம் காற்றில் முறுகி விழுந்ததையும் பாடப் புத்தகங்கள் பல அப்படித்தான் சொல்கின்றன. ஆசிரியப் பெருமக்கள் மன்னிக்க வேண்டும்: வெளியிலிருந்து தாளம் தவறாமல் தட்டுபவன் யாரும் இங்கே இல்லை. அசையும் பொருளே தன் அசைவினால் காற்றிலிருந்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. காற்று ஒரே சீராக வீசினாலும் போதும். 'அமைதியான வானிலையில்தானே பறக்கிறேன்' என்ற ஆறுதல் ஆகையால் எடுபடாது.

மருந்து எளியது. நம் ஊர்க் கிணற்றுத் துலாவைப் பார்த்தவர்க்கு விளக்கவே வேண்டாம். ஒரு முனையில் சால், மறுமுனையில் கல். அதே போல எய்லரானின் முன்விளிம்பில், கீலுக்கு முன்னால், ஈயத்தையோ இரும்பையோ வைத்துவிட்டால் ஈர்ப்பு மையம் முன்னேறிக் கீலின் மேலேயே வந்து சேரும். அப்போது இறக்கை மேலே எகிறினாலும் எய்லரானுக்குச் சுழல வேண்டிய காரணம் இல்லை. ஊஞ்சலைத் தள்ளும் கை ஓய்ந்துவிடும். வீட்டில் கட்டும் விமானங்களில் பெரும்புகழ் பெற்றவை ரிச்சர்டு வான்குரூன்ஸ்வன் வடிவமைத்த ஆர்.வி. வரிசை விமானங்கள். அவற்றில் பலவற்றின் எய்லரான் மூக்கினுள் ஓர் இரும்புக் குழாய் படுத்திருக்கும். எலிவேட்டரின் நுனிகளில் ஈயக் கட்டிகள் இருக்கும். பறப்பதற்கென்றே பிறந்த பொருளில் ஈயத்தை ஏற்றுவதா என்று புதியவர்கள் திகைப்பார்களாம். நானும் முதலில் படித்தபோது திகைத்தேன்.

இந்த அறிவு எளிதில் கிடைத்ததன்று. 1916-இல், முதல் உலகப் போரின் நடுவில், ஆங்கிலேயரின் ஹாண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் பறக்கும்போது பயங்கரமாக முறுகி ஆடியது. லான்செஸ்டர் என்னும் பொறியியல் அறிஞரை அழைத்துக் காட்டினார்கள். வாலின் இருபுறத்து எலிவேட்டர்களும் ஒன்றுக்கொன்று இணைப்பின்றித் தனித்தனியே ஆடுவதே கோளாறு என்று கண்டு, இரண்டையும் விறைப்பான குழாயால் பிணைக்கச் சொன்னார் அவர். 1920-களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டில் பௌம்ஹவர், கோனிங் என்ற இருவர், இறக்கையும் எய்லரானும் சேர்ந்து படபடத்த ஒரு விமானத்தை ஆராய்ந்து, எய்லரானுக்கு எடைச் சமநிலை தந்தால் படபடப்பு நிற்கும் என்று காட்டினார்கள். 1935-இல் அமெரிக்காவில் தியோடர்சன் இதற்கு முழுக் கணிதமும் எழுதினார். ஆகவே 'இது யாருக்கும் புரியாத மர்மம்' என்று இன்று எவரும் சொல்ல முடியாது.

'எல்லா விமானத்திலும் ஈயம் இருக்கிறதா?' என்று கேட்கலாம். இல்லைதான். பைப்பர் கப் போன்ற மெதுவான பழைய விமானங்களின் எய்லரான்களில் எடை வைக்கவில்லை. அவை படபடப்பு தொடங்கும் வேகத்தை எட்டாமலே காலம் தள்ளிவிட்டன. சில வடிவமைப்பாளர்கள் வேறொரு வாதம் சொல்வார்கள்: எய்லரானை இயக்கும் கம்பிவடத்தை முறுக்கம் குறையாமல் வைத்திருந்தால் போதும், அது அங்கும் இங்கும் ஆட வழியில்லை என்று. தத்துவத்தில் இதில் பிழையில்லை. நடைமுறையில் நடந்ததைப் பாருங்கள்.

சோடியாக் சி.எச். 601 எக்ஸ்.எல். என்ற இருவர் அமரும் சிறு விமானம். மிசூரி மாநிலத்திலிருந்து பெட்டிகளில் வரும், வீட்டில் கட்டலாம். தொழிற்சாலையில் கட்டி முடித்ததாகவும் விற்றார்கள். அதன் எய்லரான்களுக்கு எடைச் சமநிலை இல்லை. 2006 முதல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலுமாக ஆறு விமானங்கள் பறந்துகொண்டிருக்கும்போதே உடைந்து சிதறின. 2009 ஏப்ரலில் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், படபடப்புக்கு இடம் தரும் அமைப்பு இது என்று கூறி, இவ்வகை விமானங்களைப் பறக்க விடாமல் நிறுத்தும்படி அவசரப் பரிந்துரை செய்தது. வடத்தின் முறுக்கம் சரியாக இருந்தால் படபடப்பு வராது என்பது தயாரிப்பாளர் தரப்பின் பதில். அதற்குச் சோதனைகளையும் காட்டினார்கள். அந்நாட்டு விமானத் துறையும் தனியே ஆராய்ந்தது. படபடப்பு ஒன்றே காரணம் என்று அது சொல்லவில்லை. இறக்கையின் வலிமையே போதாது என்றும் கண்டது. நியாயமாக இதையும் சொல்லியாக வேண்டும். முடிவில் 2009 நவம்பரில் வந்த திருத்தத்தில் இறக்கையைப் பலப்படுத்தும் பாகங்களோடு எய்லரானுக்கு எதிரெடையும் சேர்ந்தே வந்தது.

இதில் என் கட்சி எது என்பதை மறைக்கவில்லை. வடம் தளரும் பொருள். வெயிலில் அலுமினிய உடல் ஒருவிதமாய் நீளும், எஃகு வடம் வேறுவிதமாய் நீளும், கப்பி தேயும், ஆண்டாய்வில் முறுக்கத்தை அளக்க வேண்டியவருக்கு அன்று மாலை அவசர வேலை இருக்கும். ஈயக்கட்டி அப்படியன்று. சரியாகப் பொருத்திவிட்டால் அது தளர்வதும் இல்லை, மறப்பதும் இல்லை. மனிதன் நாள்தோறும் நினைவில் வைத்துக் காக்க வேண்டிய ஒன்றில் உயிரைத் தொங்க விடுவதை விட, ஒருமுறை செய்து முடிக்கக் கூடிய ஒன்றில் தொங்க விடுவதே அறிவுடைமை. சில நூறு கிராம் கூடுதல் எடைக்காக அழுபவர்கள், வாசனைக்காகவும் மெத்தைக்காகவும் எத்தனை கிலோ ஏற்றுகிறார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

ஆனால் 'ஒருமுறை செய்து முடித்தால்' என்றேனே, அங்கேதான் வண்ணம் குறுக்கே வருகிறது. கட்டுபவர் மாதக் கணக்கில் உழைத்து எய்லரானைச் செய்கிறார். வெறும் தகடாக இருக்கும்போது சமநிலை பார்க்கிறார், அழகாக நிற்கிறது. மகிழ்கிறார். பிறகு வண்ணம் பூசுகிறார். நாம் முதலாண்டில் மீட்டர் அளவுகோலைக் கத்திமுனையில் நிறுத்திச் செய்த சோதனையை நினைவுபடுத்திக்கொள்வோம். திருப்புத்திறன் என்பது எடையை மட்டும் பொறுத்ததன்று. எடையைத் தூரத்தால் பெருக்கி வருவது. ஓர் எய்லரான் கீலுக்குப் பின்னால் 25 சென்டிமீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். அடிப்பூச்சும் மேற்பூச்சுமாக 120 கிராம் ஏறுகிறது. அதன் மையம் கீலிலிருந்து 12 சென்டிமீட்டர். திருப்புத்திறன் 1,440. முன்னால் ஈயம் வைக்க இருக்கும் இடமோ கீலிலிருந்து 4 சென்டிமீட்டர்தான். எனவே 360 கிராம் ஈயம் வேண்டும். வண்ணத்தைப் போல மும்மடங்கு! பின்விளிம்பில் ஒரு சின்னப் பள்ளம் விழுந்தது, 20 கிராம் பட்டி பூசித் தேய்த்து மறைத்தார் என்றால், அதற்கு மட்டும் 24 சென்டிமீட்டர் தூரக் கணக்கில் 120 கிராம் ஈயம். பட்டியின் மேல் வண்ணம் ஏறியபின் அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. கண் ஏமாறும் இடம் என்று முன்பே சொன்னது இதைத்தான். பளபளவென்று இருக்கும் எய்லரான் சொரசொரப்பாக இருந்ததை விட ஆபத்தானதாக மாறியிருக்கலாம். பார்ப்பவர் கைகுலுக்கிப் பாராட்டிவிட்டுப் போவார்.

அளப்பது கடினமா? அரை நாள் வேலை. பரப்பைக் கழற்றி, கீல் கோட்டில் இரண்டு மெல்லிய ஊசிகளின் மேலோ கத்திமுனைகளின் மேலோ தாராளமாக ஆடும்படி வைக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்த வேண்டும். பின்விளிம்பு இறங்கினால் முன்னால் எடை போதவில்லை என்று பொருள். பின்விளிம்பை ஒரு சிறு தராசின் மேல் கிடைமட்டமாக நிற்கும்படி வைத்தால், எத்தனை கிராம், கீலிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று குறை தெரிந்துவிடும். எந்தெந்த இணைப்புகளைச் சேர்த்து அளக்க வேண்டும், எந்த அளவு வரை குறையலாம் என்பதை வடிவமைத்தவரின் கையேடு சொல்லும்; அதை மீறக் கூடாது. எடையை எங்கே வைப்பது என்பதிலும் சொந்த அறிவுக்கு இடமில்லை. இறக்கையின் நுனி ஆடும் அளவுக்கு அடிப்பகுதி ஆடுவதில்லை. ஆகையால் எல்லா ஈயத்தையும் அடியில் குவித்து வைத்தால் மேசை மேல் சமநிலை வரும், வானத்தில் வராது. மெல்லிய தண்டின் நுனியில் தொங்க விட்டாலோ அந்தத் தண்டே தனியாக ஆடத் தொடங்கும். துலாக் கழி வளைந்தால் கல் எதற்கு?

சமநிலை ஒன்றே போதும் என்று நான் வாதாடுவதாக யாரும் எண்ண வேண்டாம். 2011 செப்டம்பர் 16-இல் நெவாடா மாநிலத்து ரெனோ நகர விமானப் பந்தயத்தில், வேகத்துக்காகப் பெரிதும் மாற்றியமைக்கப்பட்ட பழைய போர்விமானம் ஒன்று பார்வையாளர்களுக்கிடையே விழுந்து 11 பேர் இறந்தனர். எலிவேட்டரின் பின்விளிம்பில் இருக்கும் உள்ளங்கை போன்ற சின்னத் தகடு படபடத்ததே காரணம். அதைப் பிடித்திருந்த திருகுகளின் பூட்டு மரைகள் பழசாகித் தளர்ந்திருந்தன. தளர்ச்சியும் தேய்மானமும் தம் பங்குக்கு ஆளை விழுங்கும். வேகமும் அப்படியே. படபடப்பு உண்மையான காற்று வேகத்தைப் பொறுத்தது. வேகமானி காட்டுவதைப் பொறுத்ததன்று. 12,000 அடி உயரத்தில் மானி 100 என்று காட்டினால் உண்மை வேகம் ஏறக்குறைய 120. பெரிய எஞ்சினை மாட்டி உயரப் போகிறவர்கள் இந்த இருபதை மறந்துவிடுகிறார்கள்.

தொழிற்சாலை விமானங்களுக்கு இந்த ஒழுங்கு எப்போதோ வந்துவிட்டது. வி போன்ற வால் கொண்ட பீச் பொனான்சாவின் வால் பரப்புகளை மீண்டும் வண்ணம் பூசினால் மீண்டும் சமநிலை பார்க்க வேண்டும் என்பது பராமரிப்பவர் ஒவ்வொருவருக்கும் தெரிந்த விதி. வீட்டு விமானத்தில் அப்படிச் சொல்லிக் கையொப்பம் கேட்க ஆள் இல்லை. 'விதிமேல் விதி போட்டால் இந்தக் கலையே அழிந்துவிடும்; எங்கள் விமானம், எங்கள் உயிர்' என்கிறார்கள் சங்கத்தார் சிலர். முதற்பாதியை ஒப்புக்கொள்கிறேன். புதிய அரசாங்க விதி வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிற்பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். பக்கத்து இருக்கையில் மனைவியோ மகனோ அமர்ந்திருக்கிறார். கீழே ஓர் ஊர் இருக்கிறது. பத்தாண்டு கழித்து விமானத்தை விலைக்கு வாங்குகிறவர் இருக்கிறார்.

அந்த மூன்றாமவரைப் பற்றித்தான் எனக்குப் பெருங்கவலை. கட்டியவருக்காவது எந்த மூலையில் எத்தனை பட்டி இருக்கிறது என்று தெரியும். வாங்கியவருக்கு அது தெரியாது. நிறம் பிடிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். பழைய பூச்சைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய பூச்சு ஏற்றுகிறார். இரட்டை வண்ணம், பழைய ஈயம். விமானம் முன்போலவே எழும், முன்போலவே இறங்கும். நூறு முறை ஒன்றும் நடக்காது. என்றோ ஒருநாள் உயரத்திலிருந்து சற்று வேகமாக இறங்குகையில் எல்லை தாண்டும்.

ஆகையால் வாங்கப் போகிறவர் எஞ்சினைச் சுற்றி வந்து தட்டிப் பார்ப்பதற்கு முன் பதிவேட்டைக் கேட்கட்டும். எய்லரான் இரண்டு, எலிவேட்டர், ரட்டர் என ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி: அளந்த நாள், கடைசியாக வண்ணம் பூசிய நாள், மீதமிருந்த திருப்புத்திறன், வைத்த ஈயத்தின் எடை, அளந்தவர் கையொப்பம், கூட நின்று பார்த்த இன்னொருவர் கையொப்பம். அந்த இன்னொருவர் விமானம் கட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. தராசு படிக்கத் தெரிந்தால் போதும். வண்ணம் பூசிய நாள் அளந்த நாளுக்குப் பிந்தியதாக இருந்தால், விலை பேசும் முன்பே எய்லரானைக் கழற்றி ஊசிமேல் ஏற்றச் சொல்லலாம். விற்பவர் கோபித்துக்கொண்டால், ஆஷ்காஷில் வேறு விமானங்கள் நிறைய நிற்கின்றன.